ஆகஸ்டில் பெற்றோரோடு செவீயா: வேலூர் வெயில் பழகியவர்களுக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். மியூனிக்கில் வசிக்கிறீர்கள். பவேரியாவில் கோடைப் பள்ளி விடுமுறை ஆகஸ்டை ஒட்டித்தான் தொடங்குகிறது என்பதால், அந்த மாதத்தின் முதல் வாரத்தில் நான்கு நாள் ஸ்பெயினின் செவீயா நகருக்குச் செல்லச் சீட்டும் தங்குமிடமும் பதிந்துவிட்டீர்கள். ஜூன் தொடக்கத்தில் வேலூரிலிருந்து வந்திருக்கும் எழுபது வயது அப்பா, அறுபத்தாறு வயது அம்மா, ஒன்பது வயது மகள் மூவரும் உடன் வருகிறார்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. அலுவலக நண்பர்கள், அங்கே 42 டிகிரி அடிக்கும், பயணத்தை ரத்து செய்யுங்கள் என்கிறார்கள். அப்பாவோ, அக்னி நட்சத்திரத்தில் சைக்கிள் மிதித்தவனுக்கு ஐரோப்பிய வெயில் ஒரு பொருட்டா என்கிறார். இந்த இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் பெற்ற வெயில் அறிவு செவீயாவில் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அந்த அறிவில் ஒரு பகுதி நன்றாகவே கைகொடுக்கும். இன்னொரு பகுதி, குறிப்பாக எந்த நேரத்தில் வெளியே போகலாம் என்பது பற்றிய பகுதி, உங்களைத் தவறான வேளையில் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நான் கட்டடக்கலை படித்தவன். செவீயாவில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். கோடையில் சுவர், கூரை, முற்றம், தெரு ஆகியவற்றின் வெப்பத்தை மணிக்கொரு முறை அளந்து குறிப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. ஆகவே நகரம், வீடு, நிழல், நேரம் என்னும் நான்கைப் பற்றி உறுதியோடு பேச முடியும். நான் மருத்துவன் அல்லன். அப்பாவின் உடல்நிலை குறித்து, மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லாத சில செய்திகளை மட்டும் சொல்வேன். மாத்திரை அளவு பற்றிய முடிவு அவருடைய மருத்துவருடையது.

முதலில் எண்கள். ஸ்பெயின் வானிலை ஆய்வு நிறுவனம் செவீயா விமான நிலையத்தில் பதிந்திருக்கும் நீண்டகாலச் சராசரிப்படி, ஜூலையில் பகலின் உச்ச வெப்பம் 36 டிகிரி. ஆகஸ்டில் அதைவிடச் சற்றே குறைவு. அதிகாலையின் தாழ்ந்த வெப்பம் 20 டிகிரியை ஒட்டியது. சராசரி என்பதால் 33 டிகிரி நாளும் 42 டிகிரி நாளும் அதற்குள் கலந்திருக்கின்றன. அந்த நிலையத்தின் உச்சப் பதிவு 1995 ஜூலை 23 அன்று 46.6 டிகிரி. குவாதல்கிவீர் ஆற்றுச் சமவெளி கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். வடக்கே சியெர்ரா மொரேனா மலைத்தொடர் குளிர்ந்த காற்றைத் தடுக்கிறது. கோடையில் அவ்வப்போது சகாராவிலிருந்து வரும் காற்று இந்தப் பள்ளத்தில் வந்து தங்கிவிடுகிறது. செவீயாவுக்குக் கிழக்கே உள்ள எசிஹா என்ற ஊரை அங்குள்ளவர்கள் ‘ஆந்தலூசியாவின் வாணலி’ என்றே அழைப்பார்கள்; ஆந்தலூசியா என்பது செவீயா அடங்கிய தென் ஸ்பெயின் பகுதி. நகரில் மருந்துக்கடைகளின் பச்சைச் சிலுவைப் பலகைகள் வெப்பநிலையையும் காட்டும். அதில் 49, 50 என்று பார்த்து அம்மா பதறக்கூடும். அந்தப் பலகையின் உணர்கருவி வெயிலில் காய்ந்த சுவரில் இருக்கிறது. நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் எடுக்கும் அளவுதான் முறையான வெப்பநிலை. படம் பிடித்து ஊருக்கு அனுப்பலாம். திட்டமிட அதை நம்ப வேண்டாம்.

இப்போது, நீங்கள் வேறெதை மறந்தாலும் மறக்கக் கூடாத செய்திக்கு வருகிறேன். ஸ்பெயினின் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. புவியியல்படி போர்ச்சுகலோடும் இங்கிலாந்தோடும் சேர வேண்டிய நாடு அது. 1940-இல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றப்பட்டு அப்படியே நின்றுவிட்டது. கோடையில் அதன் மேல் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டப்படுகிறது. செவீயா ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் விளைவு இன்னும் அதிகம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே சூரியன் ஏறக்குறைய காலை 7.30-க்கு எழுந்து, இரவு 9.30-க்கு மறைகிறது, உச்சிக்கு வருவது பிற்பகல் 2.30-க்கு. வேலூரில் அதே உச்சிப்பொழுது 12.20 அளவில் வந்துவிடும். ஆக, செவீயாவின் மாலை 6 மணி என்பது சூரியக் கணக்கில் வேலூரின் பிற்பகல் 4 மணிக்கும் முந்தியது. தரை வாங்கிய சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கச் சில மணி நேரம் ஆகும் என்பதால், நாளின் மிக வெப்பமான வேளை அங்கே மாலை 5 முதல் 7 வரை விழுகிறது. நம் ஊரில் வளர்ந்த எவரும் பன்னிரண்டு முதல் மூன்று வரை வீட்டுக்குள் இருந்துவிட்டு, வெயில் தாழ்ந்திருக்கும் என்று நம்பி ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டுவார்கள். செவீயாவில் அதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இது எனக்கு ஏட்டறிவாக வந்ததன்று. நான் அங்கே சென்ற இரண்டாம் ஆண்டு கோடையில் என் அப்பா வந்திருந்தார். மதியம் முழுக்க ஓய்வெடுக்கச் செய்துவிட்டு, மாலை ஐந்தரைக்கு அவரைப் பிளாசா தே எஸ்பாஞாவுக்கு அழைத்துச் சென்றேன். 1929-ஆம் ஆண்டின் ஐபேரிய-அமெரிக்கக் கண்காட்சிக்காக அனிபால் கொன்சாலெஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த மாபெரும் அரைவட்டச் செங்கல் மாளிகை அது. முன்னே மரமே இல்லாத பெரும் திடல். செங்கல் வளைவு முழுதும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நடுவில் நிற்பவர் மேல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வண்ண ஓடுகள் பதித்த இருக்கையில் அவர் உட்காரப் போய்ச் சட்டென்று எழுந்தார். பிறகு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெறுமனே பார்த்தார். பக்கத்திலுள்ள மரியா லூயிசா பூங்காவின் மரநிழலுக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், சட்டையை நனைத்து, கால் மணி நேரம் விசிறிய பிறகே அவர் தெளிந்தார். வெப்பத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நான், என் அப்பாவுக்கு நேரம் குறிக்கும்போது ஊர்ப் பழக்கத்தைத்தான் பின்பற்றினேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. நீங்கள் கேட்காமலேயே இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

அடுத்தது ஈரப்பதம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை, அதாவது ஏறக்குறைய 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வியர்வை ஆவியாவதைத் தவிர உடல் குளிர்வதற்கு வேறு வழியில்லை. செவீயாவின் பிற்பகல் காற்று மிகவும் உலர்ந்தது. வியர்வை தோலில் நிற்காமல் உடனே ஆவியாகிவிடும். சென்னையில் 36 டிகிரியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். செவீயாவில் 40 டிகிரியிலும் சட்டை உலர்ந்தே இருக்கும். அதனால் புழுக்கம் குறைவு. அப்பா முதல் நாள் காலையிலேயே, இது நம் ஊரைவிடத் தேவலையே என்று சொன்னால் வியப்பில்லை. ஆனால் வியர்வை கண்ணுக்குத் தெரியாததால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பதும் தெரியாது. முதியவர்களுக்குத் தாக உணர்வு இயல்பாகவே மந்தம் என்பதால் இது இரட்டிப்பு ஆபத்து. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கணக்கு வைத்து நீர் கொடுப்பதே சரி. இதே உலர்வில் ஒரு நன்மையும் உண்டு: ஈரத்துணி நன்றாக வேலை செய்யும். கழுத்தில் நனைத்த பருத்தித் துண்டு, முகத்தில் தெளிக்க ஒரு சிறு தெளிப்புப் புட்டி, ஒரு கைவிசிறி ஆகிய மூன்றும் அங்கே நம் கடலோர ஊர்களில் தருவதைவிடப் பன்மடங்கு பலன் தரும். நனைக்காத உடம்பில் 40 டிகிரிக்கு மேற்பட்ட காற்றை விசிறினால், அது உடலைச் சூடேற்றும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்பாவின் வாதத்துக்கு என் மறுமொழி இது. வெயிலுக்கு உடல் பழகுவது உண்மையான மாற்றம்தான்: சில நாள்கள் தொடர்ந்து வெப்பத்தில் இருந்தால் வியர்வை முன்னதாகச் சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். இந்தப் பழக்கம் ஏறக்குறைய ஒன்றிரண்டு வாரங்களில் உருவாகி, வெப்பத்தை விட்டு விலகியபின் சில வாரங்களுக்குள் கரைந்துவிடுகிறது. ஜூன் தொடக்கத்திலிருந்து இரண்டு மாதம் மியூனிக்கின் மிதமான கோடையில் இருந்தவரின் உடல், ஆகஸ்டில் வேலூர் உடலாக இராது. அவருக்கு மிஞ்சியிருப்பது வெயிலைப் பற்றிய அனுபவ அறிவு. அது பெரிய செல்வம், ஆனால் வியர்வைச் சுரப்பிகளுக்கு அது தெரியாது. ஊரிலிருந்து நேராகச் செவீயாவுக்கு வந்திருந்தால் என் பதில் சற்று மாறியிருக்கும். நண்பர்கள் சொல்வதையும் அலட்சியப்படுத்த வேண்டாம்: 2022 கோடையில் மட்டும் ஐரோப்பாவில் வெப்பத்தால் 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது; அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

மருந்துகளைப் பொறுத்தவரை, இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள், முக்கியமாகச் சிறுநீரைப் பெருக்கும் வகை, கடும் வெப்பத்தில் நீரிழப்பையும் தலைச்சுற்றலையும் கூட்டக்கூடும். இதைத் தெரிந்துகொண்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. பயணத்துக்கு முன் வேலூர் மருத்துவரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசி, வெப்ப நாள்களில் அளவு மாற்ற வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் நீரின் அளவுக்கும் வரம்பு உண்டு. அப்பா இன்சுலின் போடுபவரானால் அது முதுகுப்பையில் வெயிலில் கிடக்கக் கூடாது. தலைவலி, குமட்டல், தளர்ச்சி, மிகுந்த வியர்வை தோன்றினால் உடனே குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து நீர் கொடுக்க வேண்டும். பேச்சுக் குழறல், குழப்பம், நினைவு தப்புதல், அனல்போலக் கொதிக்கும் உடல் ஆகியவை வேறு வகை. அது வெப்பத் தாக்கு. அப்போது 112-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடல் முழுதும் நீரூற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருந்துக்கடையில் ‘சுவேரோ ஓரால்’ என்று கேட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கிடைக்கும்.

இனி வீடு. என் துறை இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செவீயாவின் பழைய வீட்டில் நுழைந்தால் முதலில் இருண்ட ரேழி, அதன் முடிவில் இரும்புக் கம்பிக் கதவு, அதற்கப்பால் தொட்டியும் செடிகளும் உள்ள முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகவே இராது. இரவில் கனத்த குளிர்காற்று முற்றத்தில் இறங்கித் தங்கும். காலையில் முற்றத்துக்கு மேலே துணிப் பந்தலை இழுத்து மூடி, அந்தக் குளிர்ச்சியைப் பிற்பகல்வரை காப்பாற்றுவார்கள். வசதி படைத்த குடும்பங்கள் கோடையில் கீழ்த்தளத்திலும் குளிர்காலத்தில் மேல்தளத்திலும் குடியிருந்தன. காசா தே பிலாத்தோஸ் என்னும் மாளிகையில் இரு தளங்களையும் பார்த்தால் அந்த வாழ்க்கை முறை விளங்கும். ஆகவே உங்கள் தங்குமிடம் பழைய வீடானால், முற்றத்தைப் பார்த்த கீழ்த்தள அல்லது முதல்தள அறையைக் கேளுங்கள். மொட்டைமாடியின் கீழுள்ள மேல்தள அறையையும் மேற்குப் பார்த்த அறையையும் தவிருங்கள். பகல் முழுதும் காய்ந்த கூரை நள்ளிரவு தாண்டியும் தலைக்கு மேல் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். குளிர்சாதனம் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இருக்கிறது என்பார்கள். அது முன்கூடத்தில் மட்டும் இருக்கிறதா, அப்பா படுக்கும் அறையிலும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஜன்னல்களில் உருட்டி இறக்கும் வெளிப்புறத் தடுப்பு இருக்கும்; ‘பெர்சியானா’ என்பார்கள். நம்மவர்கள் பகலில் வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று அதைத் திறந்துவைப்பது வழக்கம். வெளியே 40 டிகிரி இருக்கும்போது வருவது காற்றில்லை, அனல். அங்குள்ள இல்லத்தரசிகளின் முறை எளிது: காலை பத்து மணிக்குள் ஜன்னல், தடுப்பு எல்லாவற்றையும் இறக்கி மூடிவிட வேண்டும், இரவில் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்தபிறகு, பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். இருட்டறையில் பகலில் அடைந்து கிடப்பதா என்று உங்கள் மகள் கேட்பாள். அந்த இருட்டுதான் அந்த ஊரின் பிற்பகல் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

நாளை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். காலை எட்டு மணிக்குத் தெருவில் இருங்கள். அப்போது வெப்பம் பெரும்பாலும் 22, 23 டிகிரிதான், உங்கள் அம்மா மேல்சட்டை கேட்டாலும் கேட்பார். பிளாசா தே எஸ்பாஞாவும் அதையொட்டிய பூங்காவும் இந்த நேரத்துக்கு உரியவை. அல்காசர் அரண்மனைக்குக் காலையின் முதல் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்யுங்கள்; நுழைவாயில் வரிசையே பலரைக் களைக்கச் செய்கிறது. உள்ளே தோட்டத்துக்குக் கீழே, தோன்யா மரியா தே பாதில்யாவின் குளியல் என்று பெயர்பெற்ற மழைநீர்த் தொட்டி வளைவுகளுக்கடியில் நீண்டு கிடக்கிறது. அங்கே நிற்கும்போது மண்ணும் நீரும் ஒரு கட்டடத்தை எவ்வளவு குளிர்விக்கும் என்பதை உடம்பு உணரும். அல்காசரைப் பிற்பகலுக்கு வைக்காதீர்கள். தோட்டத்தின் பெரும்பகுதி வெயிலில்தான் இருக்கிறது.

பேராலயம் பயணிகளுக்குத் திறப்பது பெரும்பாலும் முற்பகல் பதினொரு மணியை ஒட்டித்தான். இது தொல்லையாகத் தோன்றினாலும் கோடையில் வசதியே. வெயில் ஏறும் வேளையில், கனத்த கல்சுவரும் பேருயரமும் உள்ள அந்த மண்டபம் நல்ல புகலிடம். அதையொட்டி நிற்கும் ஹிரால்தா கோபுரம் 1198-இல் பள்ளிவாசல் கோபுரமாகக் கட்டி முடிக்கப்பட்டது. மேலே ஏறப் படிகளுக்குப் பதிலாக 35 சாய்தளங்கள், இறுதியில் மட்டும் சில படிகள். முழங்கால் வலியுள்ளவர்களுக்குப் படிகளைவிட இது இதமானது என்றாலும் ஏற்றம் ஏற்றமே. அப்பா ஆலயத்துக்குள் அமர்ந்திருக்க, நீங்களும் மகளும் ஏறிவரலாம். பிறகு சாந்தா குரூஸ் பகுதியின் ஒடுங்கிய சந்துகள் வழியாகத் திரும்புங்கள். இரு கை நீட்டினால் சுவரைத் தொடும் அகலம் சில இடங்களில், அதனால் உச்சிவேளையைத் தவிர மற்ற நேரமெல்லாம் ஒரு பக்கமாவது நிழல் விழும். சியெர்பெஸ் முதலிய கடைத்தெருக்களில் வீட்டுக்கு வீடு துணிப் பந்தல் கட்டித் தெருவையே மூடியிருப்பார்கள். நகரம் இந்தக் கலையை விட்டுவிடவுமில்லை: 1992-ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியில் கொடிப்பந்தல், நீர்ச்சுவர், நுண்துளித் தெளிப்பு ஆகியவற்றால் திறந்தவெளியையே குளிர்வித்துக் காட்டினார்கள்.

மதியம் ஒன்றரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். அதன்பின் எட்டரைவரை வெளியே வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு மணி நேரமா என்று மலைக்காதீர்கள். ஊரே அப்படித்தான் இருக்கிறது. சிறு கடைகள் இரண்டு மணிக்கு மூடி மாலையில்தான் திறக்கும். தெருவில் தெரிபவர்கள் பயணிகள் மட்டுமே. எட்டரைக்குமேல் நகரம் மறுபடி பிறக்கிறது. ஆற்றைக் கடந்து திரியானாவுக்குப் போங்கள். மட்பாண்டமும் வண்ண ஓடுகளும் செய்த குயவர் பேட்டை அது. சூரியன் மறையும் நேரத்தில் பாலத்திலிருந்து ஆற்றைப் பார்ப்பதற்குச் சீட்டு எதுவும் வேண்டாம். பதினொரு மணிக்குச் சதுக்கங்களில் குழந்தைகள் பந்து விளையாடுவார்கள், உங்கள் மகளும் சேர்ந்துகொள்ளலாம். சிற்றூர்களில் கிழவர்களும் கிழவிகளும் நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டு, நம் திண்ணைப் பேச்சைப்போலவே நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருப்பார்கள். காதிஸ் மாகாணத்தின் அல்கார் என்ற ஊர், இந்த வழக்கத்தை யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்க வேண்டும் என்று 2021-இல் கோரிக்கையே எழுப்பியது. இரவு ஒன்பதுக்கும் சுவர்கள் சூடாகவே இருக்கும் என்பதால், அப்பாவை ஆற்றோரத்திலோ மரத்தடியிலோ உட்காரவைப்பது நல்லது. நேரத்துக்கு மாத்திரை போடுபவர் என்பதால், இரவு உணவை அறையிலேயே எட்டு மணிக்கு முடித்துவிட்டுக் கிளம்புங்கள்; உணவகச் சமையலறைகள் எட்டரைக்குமுன் பெரும்பாலும் திறப்பதில்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு, வினிகர் சேர்த்து அரைத்துக் குளிரவைத்த காஸ்பாச்சோ, நம் நீர்மோர் செய்யும் வேலையைச் செய்யும். அதைவிடக் கெட்டியான சால்மொரேஹோவின் மேல் பன்றி இறைச்சித் துணுக்கும் முட்டையும் தூவித் தருவார்கள். அம்மா சைவம் என்று எழுதியிருப்பதால், ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த பதார்த்தம் அவருக்குப் பிடிக்கும். குழாய் நீர் குடிக்கத் தக்கது; 2022-இல் வந்த சட்டப்படி உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி உறுதியற்றவை. நீங்கள் போகும் நான்கு நாளும் 35 டிகிரியாக இருக்குமா, 43 ஆக இருக்குமா என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு ஐந்தாறு நாளுக்கு முன்புதான் முன்னறிவிப்பு நம்பத்தக்கதாகும். ஸ்பெயின் வானிலை ஆய்வு நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை வெளியிடுகிறது. செவீயா 2022-இல் புயல்களைப்போல வெப்ப அலைக்கும் பெயர் வைக்கத் தொடங்கி, முதல் அலைக்குச் ‘ஸோயி’ என்று பெயரிட்டது. மஞ்சள் எச்சரிக்கை அங்கே கோடையில் அடிக்கடி வருவது. மேலே சொன்ன நேர ஒழுங்கோடு சமாளிக்கலாம். சிவப்பு வந்தால், அல்லது இரவின் தாழ்ந்த வெப்பமும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காது என்று அறிவிப்பு சொன்னால், நான் என் பெற்றோரை அழைத்துச் செல்ல மாட்டேன். பகல் சூட்டைவிட, உடல் ஓய்வெடுக்க முடியாத இரவுகளே முதியவர்களை அதிகம் வாட்டுகின்றன. உணவகங்களையும் சிறு அருங்காட்சியகங்களையும் பற்றியும் உறுதி சொல்ல முடியாது: ஆகஸ்டில் செவீயாக்காரர்களே கடற்கரைக்குப் போய்விடுவதால் பல இடங்கள் மூடியோ நேரம் குறைத்தோ இருக்கும். முந்தைய நாளில் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள்.

ரத்து செய்வதா என்ற கேள்விக்கு என் கருத்து: வேண்டாம், ஆனால் நான்கு நாளையும் செவீயாவுக்கே கொடுக்கவும் வேண்டாம். பக்கத்து நகரமான கோர்தோபாவின் மசூதி-பேராலயத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதன் உள்ளே நிற்பது மறக்க முடியாத அனுபவம்தான், ஆனால் கோர்தோபாவின் பிற்பகல் செவீயாவைவிடச் சராசரியாக ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதல். அந்த மாகாணத்திலேயே 2021 ஆகஸ்ட் 14 அன்று 47.6 டிகிரி பதிவானது. பெற்றோர் இல்லாத இன்னொரு பயணத்துக்கு, வசந்த காலத்துக்கு, அதை ஒதுக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக மூன்றாம் நாள் காலை ரயிலில் காதிஸுக்குப் போங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். மூன்று பக்கமும் அட்லாண்டிக் சூழ்ந்த அந்த ஊரில் ஆகஸ்டின் சராசரி உச்சம் 28 டிகிரி அளவே. கிழக்கிலிருந்து லெவாந்தே காற்று வீசும் நாள்களில் அங்கும் சூடு ஏறும், மணலும் பறக்கும்; அது வீசுமா என்பதை இரண்டு மூன்று நாள் முன்னதாக முன்னறிவிப்பில் பார்த்துவிடலாம். முடிந்தால் ஓர் இரவு அங்கே தங்கிவிடுங்கள்; ஒரு நல்ல தூக்கம் கிடைத்தால் அப்பாவுக்கு நான்காம் நாள் எளிதாகும்.

உங்கள் தங்குமிடத்தின் தளமும், படுக்கை அறை ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதும் தெரிந்தால் இங்கே எழுதுங்கள். மாற்றச் சொல்ல வேண்டிய அறையானால், பதிவை மாற்றக் கால அவகாசம் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.